வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

அந்த ஆண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியருக்கு விசில் வாத்தியார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் வாங்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் அது உபயோகப்படவில்லை. கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். சும்மா தொங்கவில்லை, மனிதர் தாராளமாகவே ஊதினார். காலையில் பிள்ளைகள் வரிசையில் நிற்பதற்கு ஊதினார். மதியம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்க்கிறவனை வகுப்புக்குத் துரத்த ஊதினார். மாலையில் பள்ளிப் பேருந்து பின்பக்கமாக நகரும்போது அதன் முதுகில் தட்டிக்கொண்டே ஊதினார். விளையாட்டுக்கு ஊதியதுண்டா என்று கேட்கக்கூடாது. விளையாட்டு ஆசிரியருக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்?

முடி நீளமாக வளர்த்தவனைப் பிடிப்பது, சட்டைப் பொத்தான் போடாதவனைப் பிடிப்பது, பரீட்சைக்கு முன்னால் பெஞ்சுகளை இழுத்துப் போடுவது, பரீட்சைக்குப் பின்னால் அதே பெஞ்சுகளை இழுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போடுவது, இவையெல்லாம் அவருடைய இலாகா. உடற்பயிற்சி என்றால் அதுதான் உடற்பயிற்சி. அந்தப் பள்ளியில் அதைத் தவறாமல் செய்த ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் கால அட்டவணையில் விளையாட்டு இருந்தது. இல்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், பச்சை மையில், அழகான எழுத்தில். மணி அடித்ததும் விசில் வாத்தியார் வகுப்பு வாசலுக்குப் போவார். அங்கே அவருக்கு முன்னாலேயே கணக்கு வாத்தியார் கையில் சாக்பீஸோடு நின்றுகொண்டிருப்பார்.

"மாப்ள, இன்னிக்கு ஒரு நாள் விட்டுக் குடுங்க. ஒரே ஒரு பாடம்தான் பாக்கி."

கணக்கு வாத்தியார் வேறு யாருமில்லை, விசில் வாத்தியாரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். சொந்த மச்சான் வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி முகத்தை முறிப்பது? கொடுத்தார். அடுத்த வாரமும் கொடுத்தார். மழைக்கு இரவல் போன குடை மாதிரி அந்தப் பீரியட் போனது போனதுதான், திரும்பவில்லை. மச்சானின் ஒரு பாடம் மட்டும் வருஷக்கணக்காகப் பாக்கியாகவே இருந்தது.

இந்தக் கொடுப்பினை விசில் வாத்தியாருக்கு மட்டும் வாய்த்ததல்ல. டிராயிங் மாஸ்டர் என்று ஒருவரும் அங்கே இருந்தார். அவருடைய ஓவிய அறையில் பழைய விடைத்தாள் கட்டுகளைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். அந்தக் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்து, முதல் மார்க் வாங்கியவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது அவர் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை கண்காட்சி வரும். பிள்ளைகள் வரைந்த படம் வேண்டும் என்பார்கள். தூரிகையைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் எங்கிருந்து வரைவார்கள்? மனிதர் தானே உட்கார்ந்து அத்தனை படத்தையும் இடது கையால் வரைந்து, கீழே பிள்ளைகளின் பெயரைப் போட்டுவிடுவார். வலது கையால் வரைந்தால் நன்றாக வந்து தொலைத்துவிடுமோ என்று பயம்.

விசில் வாத்தியாரின் மகன் அதே எட்டாம் வகுப்பில்தான் படித்தான். விளையாட்டு ஆசிரியரின் பிள்ளை ஆயிற்றே, வீடு முழுக்கப் பந்தும் மட்டையுமாகக் கிடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் பந்து என்று எதுவும் கிடையாது. பள்ளி விட்டு வந்தால் மாமாவிடம் டியூஷன், அது முடிந்தால் வீட்டுப்பாடம். ஒரு நாள் பையன் தெருவில் ஒரு பாட்டில் மூடியைக் காலால் தட்டிக்கொண்டு வந்தான். பார்த்துவிட்டுப் பதறியவர் அவன் அம்மா அல்ல, சாட்சாத் விசில் வாத்தியார்தான். காலில் அடிகிடி பட்டால் பரீட்சைக்கு யார் போவது என்று கேட்டு அவனை உள்ளே விரட்டினார். ஊரில் எல்லோரும் எதற்குப் பயந்தார்களோ அதற்குத்தான் அவரும் பயந்தார். இதில் அவரைத் தனியாகக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

அந்த மனிதருக்கும் ஒரு நாள் சுருக்கென்றது. பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விளையாடிய பந்து ஒன்று எகிறி இந்தப் பக்கம் விழுந்து, உருண்டு உருண்டு வந்து சரியாக அவர் மகனின் காலடியில் நின்றது. விசில் வாத்தியார் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பையனாக இருந்தாலும் கால் தானாக எழும்பும். இவன் குனிந்தான். பந்தை இரண்டு கையாலும் பத்திரமாக எடுத்தான். யாரோ தொலைத்த சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோவது போல அதை ஆபீஸ் ரூமுக்குக் கொண்டுபோய், காணாமல் போன பொருள் என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான். பொறுப்பான பிள்ளை என்று ஆபீஸில் பாராட்டினார்கள். பெற்றவருக்கோ அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. என்ன என்று மனைவி கேட்டதற்கு, உன் பிள்ளைக்குக் கால் இருப்பதே தெரியவில்லை என்றார். நடந்துதானே பள்ளிக்கூடத்துக்கு வருகிறான் என்றாள் அவள்.

அந்த ஒரு பீரியட் எப்படியாவது திரும்பி வரவேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் அவர் மண்டைக்குள் புகுந்தது. புகுந்தது வெளியே போகவில்லை. தலைமை ஆசிரியரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். தலைமை ஆசிரியர் தங்கமான மனிதர், விளையாட்டின் அருமையைப் பற்றி மேடையில் நெடுநேரம் பேசக்கூடியவர். விளையாட்டு வேண்டாம் என்று தான் எப்போதாவது சொன்னதுண்டா என்று அவர் வருத்தப்பட்டார். பரீட்சைகள் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பள்ளியில் பரீட்சை முடிந்ததாக யாருக்கும் நினைவில்லை.

இந்த நேரத்தில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பள்ளிகளைத் தரம் பிரிக்க ஒரு குழு வருகிறது, நூற்றுக்கு மதிப்பெண் போடப் போகிறது, அதில் கலைக்கும் விளையாட்டுக்குமாகச் சேர்த்து இருபது. தலைமை ஆசிரியர் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். ஒரு மார்க் குறைந்தால் மூன்று நாள் பேசாமல் இருக்கிற மனிதர், இருபது மார்க்கை எப்படித் தாங்குவார்? விசில் வாத்தியாரை ஆள்விட்டுக் கூப்பிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"இருபதுக்கு இருபது வந்தாகணும். வந்துட்டா அந்த வெள்ளிக்கிழமை பீரியட் உங்களுக்குத்தான். இது என் வாக்கு."

விசில் வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பந்தை எடுத்தார். அது காற்றில்லாமல் சப்பிப்போய்க் கிடந்தது. காற்றடித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தால், தலைமை ஆசிரியர் அதை ஏதோ பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். இப்போதுதான் ஜன்னலுக்கெல்லாம் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறது, இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். பயிற்சி கொடுக்கும் பொறுப்பை அனுபவசாலியான ஒருவரிடம் ஏற்கெனவே ஒப்படைத்தாகிவிட்டதாம். அந்த அனுபவசாலி மச்சான்தான்.

மச்சான் கால்பந்தை ஒரே ராத்திரியில் வினா விடையாக மாற்றிவிட்டார். பந்து தன்னிடம் வரும்போது ஆட்டக்காரன் செய்யவேண்டியவை யாவை? கோல்காப்பாளரின் கடமைகளை ஐந்து வரிகளில் விவரி. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு உருப்போட்டார்கள். பந்தின் சுற்றளவைக் கேட்டால் முப்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஓவியத்துக்கும் அதே வைத்தியம்தான். வண்ணப்பெட்டியைத் திறந்தே பார்க்காத பிள்ளைகள், நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னார்கள். இதெல்லாம் நடந்தது வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில். விசில் வாத்தியார் வெளியே வராந்தாவில் நின்று, யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார்.

குழு வருவதற்கு முதல் நாள், ஒரு தடவையாவது பிள்ளைகளை மைதானத்தில் இறக்கிப் பார்க்கலாமே என்று அவர் கெஞ்சினார். சரி, நிறுத்தி வைத்துப் பாருங்கள், ஆனால் சத்தம் கூடாது, வகுப்புகள் நடக்கின்றன என்று உத்தரவானது. டிராயிங் மாஸ்டர் சுண்ணாம்புப் பொடியால் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் அவரவர் வட்டத்தில் போய் நின்றார்கள். பிறகு திரும்பிப் போனார்கள். விசில் ஊதவில்லை. ஊதிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் குழு வந்தது. தலைவியாக வந்தவர் மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட ஒரு வயதான அதிகாரி அம்மா. அவருக்குப் பின்னால் களைத்துப்போன முகத்தோடு இரண்டு உதவியாளர்கள். முதலில் ஓவியங்களைக் காட்டினார்கள். அந்த அம்மா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, இந்தப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடது கைப் பழக்கமா என்று கேட்டார். டிராயிங் மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கள் பள்ளியில் எல்லோரையும் ஒரே மாதிரி வளர்க்கிறோம் என்றார் தலைமை ஆசிரியர், பெருமையாக.

அடுத்தது மைதானம். பிள்ளைகள் வட்டத்துக்குள் நின்றார்கள். உதவியாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. ஒரு பையன் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை, பத்தி முடியும்வரை சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டான். உதவியாளர்கள் வாயைப் பிளந்தார்கள். மச்சான் பக்கத்தில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு அந்த அம்மா, சரி, கொஞ்சம் விளையாடட்டும், பார்க்கலாம் என்றார்.

பந்து நடுவில் இருந்தது. தலைமை ஆசிரியர் கண்ணைக் காட்டினார். விசில் வாத்தியார் மூச்சை நன்றாக இழுத்து, விளையாட்டுக்காகத் தன் விசிலை முதன்முறையாக ஊதினார்.

அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகளும் சட்டென்று திரும்பினார்கள். உயரப்படி வரிசையில் நின்றார்கள். வாயில் விரலை வைத்தார்கள். இடது வலது பிசகாமல் நடந்து வகுப்புக்குப் போய்விட்டார்கள். கோல் கம்பத்தின் அருகே நின்ற அவருடைய மகன்தான் கடைசி. அவனும் ஓட்டமாக வந்து வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டான். மைதானத்தில் பந்து மட்டும் தனியாகக் கிடந்தது.

விசில் வாத்தியார் அப்படியே நின்றார். விசில் இன்னும் வாயில்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அவர் யாருக்கும் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை என்று யார் சொன்னது? கற்றுக்கொடுத்திருக்கிறார். விசில் சத்தம் கேட்டால் மைதானத்தை விட்டுப் போகவேண்டும் என்ற அந்த ஒரே பாடத்தை, மச்சான்கூடப் பொறாமைப்படும் அளவுக்கு அத்தனை பேர் மண்டையிலும் ஏற்றியிருக்கிறார். நிற்கிற இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்று இருந்தது அவருக்கு.

தலைமை ஆசிரியர் ஒரு நொடிதான் தடுமாறினார்.

"டிசிப்ளின் மேடம். எங்க ஸ்கூலோட அடையாளமே இதான்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு பள்ளியைத் தான் பார்த்ததே இல்லை என்றார். தலைமை ஆசிரியர் கைகூப்பி நன்றி சொன்னார். முழு மதிப்பெண் போடுவதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு வழியில்லை. பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொல்கிறார்களா, ஒழுக்கமாக இருக்கிறார்களா, இந்த இரண்டுக்கும்தான் மார்க் போடச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். விளையாடினார்களா என்று பார்க்கச் சொல்லவில்லை. இருபதுக்கு இருபது வந்தது. வழியனுப்பப் பிள்ளைகளையெல்லாம் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வண்டியில் ஏறும்போது அந்த அம்மா திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"அடுத்த வருஷமும் நான்தான் வருவேன். அப்போ பசங்க விளையாடறத விசில் இல்லாம பாக்கணும்."

பள்ளியே கொண்டாடியது. தலைமை ஆசிரியர் மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பந்தைத் தொடாமலேயே இருபது வந்துவிட்டதே, இனி அந்தப் பீரியட் எதற்கு என்று மச்சான் சிரித்துக்கொண்டே கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் தலைமை ஆசிரியருக்குப் பட்டது. ஆனாலும் விசில் வாத்தியார், வாக்குக் கொடுத்தீர்களே சார் என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டார். சொன்னவர் அவர்தானா என்று அவருக்கே சந்தேகம். தலைமை ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, எடுத்துக்கோங்க. ஆனா ஒரு சத்தம், ஒரு புகார் என் காதுக்கு வந்துச்சு, அப்புறம் அந்தப் பீரியட் உங்க மச்சானுக்குத்தான். அதோட பேச்சே கிடையாது."

வெள்ளிக்கிழமை வந்தது. விசில் வாத்தியார் விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். போன உடனே அவர்கள் வரிசையில் நின்றார்கள். விளையாடுங்கள் என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சரி, ஓடவாவது செய்யுங்களேண்டா என்றார். அவருடைய மகன் கையைத் தூக்கினான். வீட்டில்தான் அப்பா, பள்ளிக்கூடத்தில் சார்.

"எங்க ஓடணும் சார்?"

விசில் வாத்தியாருக்குக் கோபம் வந்தது. முதலில் மகன் மேல், பிறகு மச்சான் மேல், பிறகு தலைமை ஆசிரியர் மேல். சுற்றிச் சுற்றி அந்தக் கோபம் கடைசியில் அவர் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டில் மூடியைத் தட்டிக்கொண்டு வந்த பிள்ளையை உள்ளே விரட்டியது வேறு யார்? அவர் பந்தைக் கீழே வைத்தார். நாலடி பின்னால் போனார். ஓடி வந்து, இத்தனை வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்து ஒரு உதை விட்டார்.

பந்து மைதானத்தைத் தாண்டிப் போய் நேராகத் தலைமை ஆசிரியரின் அறை ஜன்னலில் இறங்கியது. கண்ணாடி சிலீரென்று உடைந்து கொட்டியது.

பிறகு நடந்ததுதான் அதிசயம். எங்கே ஓடுவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் காலில் சக்கரம் கட்டியது மாதிரி பறந்தார்கள். நடக்கவே சோம்பல்படும் குண்டுப் பையன் ஒருத்தன் வேலியைத் தாண்டினான். இரண்டு பேர் மோதிக்கொண்டு விழுந்து, ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடியும் ஓடினார்கள். விசில் வாத்தியாரும் ஓடினார். எதற்கு ஓடினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால் மூச்சிரைக்கக் குந்தியபோது, பக்கத்தில் மகன் குந்தியிருப்பதைப் பார்த்தார். பையன் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

"அப்பா, செம உதைப்பா," என்றான். பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டான்.

தலைமை ஆசிரியர் ஒரு கையில் பந்தோடும், பின்னால் மச்சானோடும் வந்தார். பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். யார் உதைத்தது என்று தலைமை ஆசிரியர் கேட்டார். எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு கை தூக்குகிற வகுப்பு, மூச்சு விடவில்லை. மச்சான் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். முதல் ரேங்க் வாங்குகிற பையன் ஒருத்தன் உண்டு. பக்கத்து பெஞ்சில் எவன் கொட்டாவி விட்டாலும் போய்ச் சொல்லிவிடுவான். அவனும் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது சார்" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை. விசில் வாத்தியாரின் மகன் முறையும் வந்தது. மாமா அவன் காதைப் பிடித்துத் திருகிக் கேட்டார். கண் கலங்கியது, பதில் மாறவில்லை.

விசில் வாத்தியார் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதை இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வினா விடையில் இது இல்லையே. வாயைத் திறந்தால் பீரியட் போய்விடும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் பிள்ளையின் காதை மச்சான் விடவில்லை. விசில் வாத்தியார் முன்னால் வந்தார்.

"நான்தான் சார் உதைச்சேன்."

தலைமை ஆசிரியர் அவரை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்தேவிட்டார்.

"பசங்களைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்லாதீங்க. நீங்க எங்க பந்து உதைச்சீங்க?"

மச்சானும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஓங்கி அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. விசில் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். யார் உதைத்தார்கள் என்பது முக்கியமில்லை, சொன்னது சொன்னதுதான், அடுத்த வாரத்திலிருந்து இது கணக்குப் பீரியட் என்று தலைமை ஆசிரியர் தீர்ப்பு வழங்கினார். மச்சான் சாக்பீஸைத் தேடிப் பைக்குள் கையை விட்டார். அப்போது முதல் ரேங்க் பையன் கையைத் தூக்கினான்.

"சார், அடுத்த வருஷம் அந்த மேடம் விசில் இல்லாம பாக்கணும்னாங்களே. இருபது மார்க் சார்."

தலைமை ஆசிரியர் உடைந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். மனதுக்குள் நூற்றிலிருந்து இருபதைக் கழித்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. கழித்து வந்த எண் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. விளையாட்டின் அருமையைப் பற்றித் தான் எப்போதும் சொல்லிவருவதை நினைவுபடுத்திவிட்டு, ஜன்னலுக்குக் கம்பிவலை போடச் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று நடையைக் கட்டினார். வலைக்குப் பச்சை வண்ணம் அடிக்கும் வேலை டிராயிங் மாஸ்டருக்கு வந்தது. வலது கையாலேயே அடித்தார். அடித்துக்கொண்டே, என் பீரியடுக்கும் ஒரு ஜன்னல் உடைத்துக் கொடுக்க முடியுமா என்று விசில் வாத்தியாரைக் காதும் காதும் வைத்த மாதிரி கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விசில் வாத்தியார் மைதானத்துக்குப் போனபோது, பிள்ளைகள் அவருக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். வரிசையில் இல்லை. ஷூக்களைக் கழற்றி ஒரு ஓரமாகக் குவித்துவிட்டு, கால் சூடு தாங்காமல் குதித்துக்கொண்டிருந்தார்கள். மகன் வழக்கம்போலக் கையைத் தூக்கினான்.

"சார், இன்னிக்கு எந்த ஜன்னல்?"

விசில் வாத்தியார் மச்சான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பந்தைக் கீழே வைத்தார்.